நாவும் ஒரு தராசே!

2024-ஆம் ஆண்டு ஷஃபான் மாதத்தில் ஒரு நாள். மேலப்பாளையத்தில் ஒரு பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தினர் கலைந்து விட்டனர். ஓர் இளைஞர் மட்டும் ஹவுள் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் போன பிறகு அருகில் வந்து ஸலாம் சொன்னார்.

“ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும். கமிஷன் வாங்குறது கூடுமா, கூடாதா?”

கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விதான். கிதாபுகளில் உள்ள பதிலைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அவர் தடுத்தார்.

“பொதுவாக் கேக்கல ஹஜ்ரத். இந்த இருநூறு ரூவாயைக் கேக்கேன்.”

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். பத்து நாளாக அதைச் செலவழிக்காமல், மற்றப் பணத்தோடு சேர்க்காமல், தனியாக வைத்திருந்தாராம். “இதைப் பள்ளிவாசல் உண்டியல்ல போட்டுறட்டுமா?” என்று கேட்டார்.

அந்த இருநூறு ரூபாயின் வரலாற்றை அவர் சொல்லக் கேட்டபோது, இது அவர் ஒருவரின் கேள்வியன்று என்பது புரிந்தது. நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு கடைச் சிப்பந்திகளின் கூலியில்தான் எரிகிறது. நெல்லையில் மட்டுமா? சென்னைத் தியாகராய நகர்க் கடைகளில் நிற்கும் பிள்ளைகளில் நம் தென்மாவட்டத்தார் எத்தனை பேர்! ஆகவே அதை இங்கே எழுதுகிறேன். அவருடைய பெயரும் கடையின் பெயரும் வேண்டியதில்லை.

நடந்தது என்ன?

அவர் வேலை பார்ப்பது திருநெல்வேலியில் ஒரு மூன்று மாடிக் கடை. ஜவுளி, பாத்திரம், செருப்பு, பெட்டி என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். ஒரு காலத்தில் பெருநாளைக்கும் தீபாவளிக்கும் உள்ளே நுழைய இடம் இருக்காது. இன்று நிலைமை வேறு. நகரில் புதிய பெருங்கடைகள் வந்து விட்டன. கைப்பேசியை விரலால் தொட்டால் சேலை வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது. வருவோர் குறைந்தனர், சரக்குத் தேங்கிற்று, சிப்பந்திகளிலும் பாதிப்பேரைக் குறைத்து விட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தாமிரபரணி கரை புரண்டு நெல்லை ஜங்ஷன் பகுதியை மூழ்கடித்ததையும் நாம் மறக்கவில்லை. அந்தக் கடையின் கீழ்த்தளத்திலும் தண்ணீர் புகுந்தது. அடுக்கி வைத்திருந்த பட்டுச் சேலைகள் நனைந்தன.

நனைந்த சேலைகளை உலர்த்தி, தேய்த்து, புதிதாக மடித்து, பழைய விலைச்சீட்டோடு மீண்டும் அலமாரியில் அடுக்கினார்கள். சிப்பந்திகளுக்கு மாதச் சம்பளம் குறைவு. அதற்கு மேல் விற்பனையில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கமிஷன். அந்த ஓர் அலமாரிச் சேலைகளுக்கு மட்டும் நூற்றுக்கு ஐந்து ரூபாய் என்று முதலாளி அறிவித்தார்.

சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மூதாட்டி வந்தார். மாற்று மதத்தைச் சேர்ந்தவர். பேத்தியின் நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுக்க வேண்டும். சுருக்குப் பையில் நாலாயிரம் ரூபாயும் சில்லறையும் இருந்தன.

“ஏய்யா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீயே நல்லதாப் பாத்து எடுத்துக் குடு” என்றார்.

இவர் அந்த அலமாரியிலிருந்து ஒரு சேலையை எடுத்தார். நாலாயிரம் ரூபாய். கமிஷன் இருநூறு.

“நான் பொய் ஒண்ணும் சொல்லல ஹஜ்ரத். ‘இது நல்லா இருக்கும் ஆச்சி’ன்னு மட்டுந்தான் சொன்னேன். ஆனா அன்னையிலருந்து தொழுகையில நின்னா அந்த ஆச்சி முகந்தான் வருது.”

கூலி கூடுமா?

முதலில் பொதுவான மஸ்அலாவைப் பார்த்து விடுவோம்.

விற்றுக் கொடுப்பதற்குக் கூலி வாங்குவது மார்க்கத்தில் புதிதன்று. அரபு நாட்டில் இத்தகையோருக்கு ‘ஸிம்ஸார்’ என்று பெயர். நாம் தரகர் என்கிறோம். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் தரகுக் கூலிக்கென்றே ஒரு பாடம் அமைத்து, இப்னு ஸீரீன், அதாஉ, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகிய பெரியோர்கள் இதில் குற்றம் காணவில்லை என்று பதிந்திருக்கிறார்கள்.

நம் பகுதியில் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபினரும் வாழ்கிறோம். கூலி எவ்வளவு என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும் என்பதில் இரு தரப்பாரும் கவனமாக இருக்கின்றனர். ஹனஃபீ மத்ஹபில் தரகுக் கூலி அடிப்படைச் சட்டப்படி சரியாகாது எனினும், மக்களிடம் பெருவழக்காகி விட்டமையால் அதில் குற்றமில்லை என்று நம்புவதாக முஹம்மத் இப்னு ஸலமா (ரஹ்) அவர்கள் கூறியதை அல்லாமா இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் எடுத்து எழுதியுள்ளார்கள். விலைச்சீட்டு ஒட்டிய பொருளுக்கு நூற்றுக்கு இத்தனை என்று பேசிக்கொண்டால் கூலி தெரிந்ததே. ஆகவே கமிஷன் என்ற பெயரைக் கேட்டதும் அஞ்ச வேண்டியதில்லை.

தரகர்களைப் பற்றிய ஒரு நபிமொழி கவனிக்கத் தக்கது. கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவிக்க அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் உள்ளது. மதீனாவில் அவர்களைத் தரகர்கள் என்றே மக்கள் அழைத்து வந்தனர். கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அங்கே வந்து, அதைவிட அழகான பெயரால், வணிகர்களே என்று அழைத்தார்கள். அதன் பின், விற்பனையில் வீண்பேச்சும் சத்தியம் செய்வதும் கலந்து விடுகின்றன. எனவே அதில் தர்மத்தையும் கலந்து கொள்ளுங்கள் என்று அறிவுரை பகர்ந்தார்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் அந்தத் தொழிலை இழிவாகப் பார்க்கவில்லை. பெயரையே உயர்த்தினார்கள். அதே நேரத்தில் அத்தொழிலின் நோய் எங்கே பிடிக்கும் என்பதையும் காட்டினார்கள். அது நாவில் பிடிக்கும்.

நனைந்த தானியமும் நனைந்த பட்டும்

“நான் பொய் சொல்லவில்லை” என்றார் இளைஞர். உண்மைதான். ஆனால் மதீனாக் கடைவீதியில் தானியம் விற்ற ஒருவரும் பொய் சொல்லவில்லை.

ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அந்த நிகழ்ச்சி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். அருமை நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து செல்கையில் அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழையில் நனைந்து விட்டது என்றார் உரியவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள்.

இதில் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். மழை பெய்தது அந்த மனிதருடைய குற்றமன்று. அதற்காக அவரை நாயகம் (ஸல்) கடிந்து கொள்ளவில்லை. நனைந்த தானியத்தை விற்காதே, கொட்டிவிடு என்றும் சொல்லவில்லை. நஷ்டப்பட்டவரை மேலும் நஷ்டப்படுத்தவில்லை. மேலே வை என்பதுதான் கேள்வியின் கருத்து. இருந்த இடத்தை மாற்றச் சொன்னார்கள்; அவ்வளவே.

அந்தக் கடை முதலாளியும் இதைச் செய்திருக்கலாம். ‘வெள்ளத்தில் நனைந்த சேலைகள், விலை பாதி’ என்று ஓர் அட்டையை எழுதித் தொங்க விட்டிருக்கலாம். வெள்ளத்தைக் கண்ணால் கண்ட ஊர் இது. மக்கள் புரிந்து கொண்டிருப்பார்கள். தெரிந்தே வாங்கி மகிழ்ச்சியோடு உடுத்தியிருப்பார்கள். நனைந்த பட்டு மடிப்பில் விட்டுப்போகும், சரிகை கறுக்கும் என்பதை விற்பவர் அறிவார். அறிந்ததை மடிப்புக்குள் மறைத்தார். அன்று குவியலின் அடியில் இருந்த ஈரம், இன்று இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் மறைந்திருக்கிறது.

குறையுள்ள பொருளை, குறையைச் சொல்லாமல் விற்பது கூடாது என்பதும், வாங்கியவருக்கு அதைத் திருப்பித் தரும் உரிமை உண்டு என்பதும் ஃபிக்ஹில் தெளிவான சட்டங்கள். வாங்கியவர் முஸ்லிமா, பிற சமயத்தவரா என்று பார்த்து மோசடி ஹலாலாவதில்லை. நம்மிடம் வாங்குவோரில் பலர் சகோதர சமயத்தவர். நம் மார்க்கத்தை அவர்கள் கிதாபுகளில் படிப்பதில்லை. நம் கடைகளில்தான் படிக்கிறார்கள்.

யோசனை கேட்டவரின் உரிமை

இத்தோடு நின்றால் இது முதலாளியின் குற்றம், சிப்பந்தி சொன்னதைச் செய்தார் என்று ஆகிவிடும். ஆனால் இங்கே இன்னொன்று இருக்கிறது. என் எண்ணத்தில் கேள்வியின் உயிரே அதில்தான் உள்ளது.

“நீயே பார்த்து எடுத்துக் கொடு” என்றார் அந்த மூதாட்டி. அந்தச் சொல் வந்த கணத்தில் அவர் வெறும் வாங்குபவர் என்ற நிலையிலிருந்து யோசனை கேட்பவர் என்ற நிலைக்கு வந்து விட்டார். யோசனை கேட்கப்பட்டவரிடம் அமானத் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பது அபூதாவூத், திர்மிதீ நூல்களில் வரும் நபிமொழியின் கருத்து.

விலை பேசும்போது சிப்பந்தியின் நாவு முதலாளிக்காகப் பேசலாம். அது அவருடைய வேலை, அதற்குத்தான் கூலி. ஆனால் வந்தவர், எது நல்லது, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டால் அந்த நாவு அந்த நிமிடத்துக்குக் கேட்டவருடைய அமானத் ஆகிவிடுகிறது. அங்கே கமிஷனை நினைத்துப் பேசினால், ஒருவருடைய அமானத்தை வேறொருவருக்கு விற்றதாகும்.

பத்தமடைப் பாயை எடுத்துக் கொள்ளுங்கள். ஆற்றங்கரைக் கோரையை ஊற வைத்து, நுண்ணியதாகக் கீறி, நம் சமுதாயக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய் நெய்து வரும் பாய் அது. 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பட்டுப் பாய்க்கும் நடுத்தரப் பாய்க்கும் உள்ள வேற்றுமை நெய்தவருக்கும் விற்பவருக்கும் தெரியும். வெளியூரிலிருந்து வந்து வாங்குபவருக்குத் தெரியுமா? அவர் இழையையா எண்ணப் போகிறார்? விற்பவரின் முகத்தைப் பார்க்கிறார். தெரியாதவர் தெரிந்தவரை நம்புவதால்தான் உலகில் வியாபாரமே நடக்கிறது.

தராசின் நடுவே நிற்கும் முள்ளைத் தமிழில் துலைநா என்றும் சொல்வர். எந்தத் தட்டுப் பக்கமும் சாயாமல் நின்றால்தான் அது நா. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்தே தொடங்கும் ஒரு முழு அத்தியாயம், ஸூரத்துல் முதஃப்பிஃபீன், திருமறையில் இறங்கியிருக்கிறது. பிறரிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்களுக்கு அதில் கேடு அறிவிக்கப்படுகிறது. மூதாட்டியிடமிருந்து நம்பிக்கையை நிறைவாக வாங்கிக் கொண்டு, உண்மையைக் குறைவாக அளந்து கொடுத்த நாவை அந்த எச்சரிக்கை தொடாது என்று எவர் துணிந்து சொல்வார்?

முன்னோர் காட்டிய வழி

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் சம்பாத்தியத்தின் ஒழுக்கங்களைப் பேசும் பகுதியில் சில நிகழ்ச்சிகளைக் கூறுகிறார்கள்.

வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) என்ற நபித்தோழர் கடைவீதியில் நின்றிருந்தார். ஒருவர் முந்நூறு திர்ஹத்துக்கு ஒட்டகம் வாங்கிச் சென்றார். வாஸிலா (ரலி) அவர் பின்னால் ஓடிச்சென்று, பயணத்துக்காக வாங்கினீரா, இறைச்சிக்காக வாங்கினீரா என்று கேட்டார். பயணத்துக்கு என்றதும், அதன் குளம்பில் ஒரு துளை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று தெரிவித்தார். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க வேண்டியதாயிற்று. என் வியாபாரத்தைக் கெடுத்து விட்டீரே என்று அவர் வருந்தியபோது, ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நன்மையே நாடுவதாகத் தாம் நாயகத்திடம் செய்து கொடுத்த வாக்குறுதியை வாஸிலா (ரலி) நினைவூட்டினார்கள். அவர் விற்பவருமல்லர், வாங்குபவருமல்லர், வழியில் நின்றவர். வழியில் நின்றவருக்கே இந்தக் கடமை என்றால், கூலி வாங்கிக் கொண்டு நிற்பவருக்கு எவ்வளவு!

பஸராவின் பட்டு வணிகர் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) அவர்களிடம் ஒருவர் பட்டு கேட்டார். பணியாள் பெட்டியைத் திறந்து துணியை விரித்தான். விரித்ததும் அதன் அழகைக் கண்டு, அல்லாஹ்விடம் சுவனத்தைக் கேட்டு ஒரு துஆச் செய்தான். யூனுஸ் (ரஹ்) உடனே, அதை இருந்த இடத்தில் வைத்துவிடு என்று சொல்லி, விற்கவே மறுத்து விட்டார்கள். அந்த துஆகூடச் சரக்கைப் புகழ்ந்ததாகி வாங்குபவரை மயக்கிவிடுமோ என்ற அச்சம்!

நம்மால் அந்த உயரத்துக்கு ஏற முடியாமலிருக்கலாம். ஆயினும் அவர்கள் எதற்கு அஞ்சினார்கள், நாம் எதற்கு அஞ்சாதிருக்கிறோம் என்பதையாவது ஒப்பிட்டுப் பார்க்கலாமே! “கடைசி உருப்படி இதுதான்”, “காலையிலருந்து இதுல பத்துப் போயிருக்கு”, “நாளைக்கு வெல ஏறும்” — இவை நம் கடைகளில் நாள்தோறும் ஒலிப்பவை. மதரஸா விடுமுறையில் நானும் ஒரு ரமளான் மாதம் ஜவுளிக்கடையில் நின்றவன்தான். நோன்பு வைத்த வாயால் அன்று சொன்ன எத்தனை “நல்லா இருக்கும்”களுக்கு நாளை மறுமையில் கணக்குச் சொல்ல வேண்டுமோ, அல்லாஹ்வே அறிவான்.

கடை நொடித்துப் போகிறதே!

இளைஞர் இன்னொரு நியாயமும் சொன்னார். “கடை நல்லா ஓடுச்சுன்னா இப்படிச் செய்ய வேண்டாம் ஹஜ்ரத். இந்தச் சரக்கு போகலன்னா சம்பளமே வராது. உம்மாவுக்கு மருந்து வாங்கணும். தங்கச்சி கலியாணத்துக்கு நிக்கா.”

இந்தப் பேச்சை அலட்சியம் செய்யக் கூடாது. பள்ளிவாசலில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வது எளிது. பத்து மணி நேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவது எளிதன்று. ஆனால், ஒருவருக்கு ஏற்படும் நெருக்கடி மற்றவரின் உரிமையை அழித்து விடுவதில்லை என்பது ஃபகீஹ்கள் ஏற்றுக்கொண்ட விதி. பட்டினியால் உயிர் போகும் நிலையில் பிறர் உணவை எடுத்து உண்டவரும் அதன் விலைக்குப் பொறுப்பாவார் என்பார்கள். கடை நொடிப்பது முதலாளியின் சோதனை. கூலி குறைவது சிப்பந்தியின் சோதனை. அந்தச் சோதனைகளுக்கு விலை கொடுக்க வேண்டியவர் சேரன்மகாதேவியிலிருந்து வந்த மூதாட்டியா?

தவிரவும், சரிந்து கொண்டிருக்கும் கடையை இந்த வழி தூக்கி நிறுத்துமா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ‘சியர்ஸ்’ என்ற மாபெரும் பல்பொருள் நிறுவனம் இருந்தது. 1886-இல் கடிகார விற்பனையில் தொடங்கியது அதன் வரலாறு. அதற்காகச் சிக்காகோ நகரில் எழுப்பப்பட்ட 110 மாடிக் கட்டடம் 1998 வரை உலகிலேயே உயரமானதாக இருந்தது. அதன் கட்டமைப்பை வகுத்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், டாக்காவில் பிறந்த நம் சகோதரர்.

வியாபாரம் சரியத் தொடங்கியதும் அந்நிறுவனம் தன் மோட்டார் வண்டிப் பழுது பார்க்கும் நிலையங்களில், வேலை எழுதி வாங்குவோருக்குக் கமிஷனும், இத்தனை விற்றே தீர வேண்டும் என்ற இலக்கும் வைத்தது. விளைவு என்ன? கலிஃபோர்னியா மாநில அரசு இரகசியமாக வண்டிகளை அனுப்பிச் சோதித்தது. 38 தடவையில் 34 தடவை, தேவையில்லாத வேலைகளைச் செய்ததாக 1992-இல் குற்றம் சாட்டிற்று. பிரேக் பற்றி ஒன்றும் தெரியாமல், “நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்” என்று வந்த மக்கள்தாம் அங்கும் ஏமாந்தார்கள். இலக்கும் கமிஷனுமே தவறுகளுக்கு இடமளித்தன என்பதை நிறுவனத்தின் தலைவரே ஒப்புக் கொண்டு அந்த நிலையங்களில் கமிஷன் முறையை நிறுத்தினார். 2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் மனு கொடுத்தது. அதன் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. இந்த ஒன்றால் மட்டும் வீழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால், சரியும் காலத்தில் ஒரு கடைக்கு மிஞ்சுவது பழைய வாடிக்கையாளரின் நம்பிக்கை ஒன்றுதான். அதையே எடுத்து விற்றுவிட்டால் பின் விற்பதற்கு என்ன இருக்கும்?

முதலாளிமார்களே!

குற்றத்தை எல்லாம் ஏழைச் சிப்பந்தியின் தலையில் ஏற்றிவிட்டு நாம் எழுந்து போக முடியாது. சம்பளத்தைக் குறைத்து, குறையுள்ள சரக்குக்குக் கமிஷனை ஐந்து மடங்காக்கும் முதலாளி என்ன செய்கிறார்? உண்மை பேசினால் நஷ்டம், மறைத்தால் இலாபம் என்ற நிலையில் ஓர் ஏழையை நிறுத்துகிறார். வாயால் பொய் சொல்லச் சொல்லவில்லை என்று அவர் தப்ப முடியாது. பொய்க்கு விலை வைத்தவர் அவர்தாம்.

குடும்பம் நடத்தப் போதுமான சம்பளத்தைக் கொடுங்கள். ஊக்கத் தொகை தர விரும்பினால் கடையின் மொத்த விற்பனையில் எல்லோருக்கும் பங்கிடுங்கள். பழுதான சரக்கின் மேல் மட்டும் வைக்காதீர்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம், பணியாளருக்கு நாம் உண்பதை உண்ணக் கொடுக்கவும் சொல்லியிருக்கிறது. கடைச் சிப்பந்திகள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு சட்டத்திருத்தம் செய்ய வேண்டி வந்ததே, அதை நினைத்தால் வெட்கமாக இல்லையா? அரசு சொல்லியா நாம் ஒரு மனிதரை உட்காரச் சொல்ல வேண்டும்?

வாங்கச் செல்வோரே!

இல்லங்களில் இதைப் படிக்கும் தாய்மார்களுக்கும் பெரியோர்களுக்கும் ஒரு சொல். தராசுக்கு இரண்டு தட்டுகள் உண்டு. “அடுத்த கடைல இதே சேலை ஐநூறு ரூவா கம்மி” என்று இல்லாததைச் சொல்லி விலை குறைப்பதும் பொய்யே. சேலையை ஒரு விருந்துக்கு உடுத்திவிட்டு, பிடிக்கவில்லை என்று மடித்துத் திருப்பி அனுப்புவதும் மோசடியே. வாங்கும் எண்ணமே இல்லாமல் நாற்பது சேலையை விரிக்கச் சொல்லி எழுந்து போவது, அன்றைய கமிஷனை எதிர்பார்த்து நிற்கும் ஒரு பிள்ளையின் நேரத்தைப் பறிப்பது. விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் இளகிய தன்மையோடு நடப்பவருக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டி நாயகம் (ஸல்) துஆச் செய்திருக்கிறார்கள். அந்த துஆவில் இரு தரப்பாருக்கும் பங்கு இருக்கிறது.

அந்த இருநூறு ரூபாய்

உண்டியலில் போட வேண்டாம் என்றேன். உரியவர் யார் என்று தெரிந்திருக்கும்போது, அவருடைய ஹக்கை தர்மத்தால் கழுவ முடியாது. கைஸ் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்ட தர்மம், பேச்சில் தெரிந்தும் தெரியாமலும் படியும் அழுக்கை நீக்குவதற்கு. மறைத்து எடுத்ததை ஹலாலாக்குவதற்கன்று. மூதாட்டிக்கு உண்மையைத் தெரிவிக்க வேண்டும். சேலையைத் திருப்புவதா, வைத்துக் கொள்வதா என்பது அவர் விருப்பம். விற்பனை திரும்பினால் கமிஷனும் முதலாளிக்குத் திரும்ப வேண்டும். இதுதான் நான் சொன்ன பதில்.

இளைஞர் நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து போனார்.

சீட்டில் பேரனுடைய தொலைபேசி எண் இருந்ததாம். மறுநாள் தாமே கூப்பிட்டுச் சொன்னார். மூதாட்டி பேரனோடு வந்தார். சேலையை விரித்துப் பார்த்தபோது மடிப்பில் நூல் விட்டிருந்தது. கடையில் பெருஞ்சத்தம். கடைசியில் வேறு சேலை கொடுத்தார்கள். அதன் நஷ்டத்தை இவருடைய சம்பளத்தில் இரண்டு மாதம் பிடித்தார்கள். அது அநீதி என்பதில் எனக்கு ஐயமில்லை. பிறகு இவரைக் கமிஷன் இல்லாத பாத்திரப் பகுதிக்கு மாற்றி விட்டார்கள்.

உண்மை சொன்னதால் அவருக்கு வருமானம் பெருகிற்று என்று எழுதினால் கட்டுரை இனிக்கும். ஆனால் நானும் சரக்கைப் புகழ்ந்து விற்றவனாவேன். வருமானம் குறைந்தது. அவர் வீட்டில் சிரமம் கூடிற்று. விற்பவரும் வாங்குபவரும் உண்மை சொல்லித் தெளிவுபடுத்தினால் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும் என்பது ஆதாரப்பூர்வமான நபிமொழி. அந்தப் பரக்கத் எண்ணிக்கையாகத்தான் வர வேண்டும் என்று நாம் நாள் குறிக்க முடியாது. “இப்ப தொழுகையில நிக்க முடியுது ஹஜ்ரத்” என்று அவர் என்னிடம் சொன்னார். அது எவ்வளவு பெரிய செல்வம் என்பது, நின்றும் நிற்க முடியாமல் தவித்தவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் சொன்னார். மூதாட்டி அவரைப் பாராட்டவில்லையாம். புதுச் சேலையை வாங்கிக் கொண்டு புறப்படும்போது அவர் முகத்தைப் பார்த்து, “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாய்யா?” என்று கேட்டாராம்.

அந்த மூதாட்டி ஹதீஸ் ஓதியவரல்லர். ஆனால் ஈரத் தானியத்தைக் கையில் வைத்துக் கொண்டு மதீனாக் கடைவீதியில் நம் நாயகம் (ஸல்) அவர்கள் கேட்ட கேள்வியும் ஏறத்தாழ இதுவேயல்லவா? நாளை மஹ்ஷரில் நம்மிடம் வாங்கிய ஒவ்வொருவரும் இந்த ஒரே கேள்வியோடு நம் முன் நின்றால், என்ன பதில் சொல்லப் போகிறோம்?

வல்ல அல்லாஹ் நம் கைகளில் உள்ள தராசையும் வாயில் உள்ள தராசையும் நேராக நிறுத்துவானாக! ஹலாலான ரிஸ்கில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.